இயலளவுப் பயன்பாடு: எதன் மேல் எத்தனை சதவீதம்?

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, ஒரே கலைச்சொல்லைச் சுற்றி அமைந்திருந்தன. கேட்டவர்கள் வெவ்வேறு தொழில் செய்பவர்கள். கேள்விகளும் வேறு வேறு. ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கும் உதவும் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பிஸ்கட் தயாரிக்கும் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஆண்டறிக்கையின் தமிழ்ப் பிரதியில் ‘கொள்ளளவுப் பயன்பாடு’ என்று இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் வணிகச் சஞ்சிகையில் ‘உற்பத்தித் திறன் பயன்பாடு’ என்று வாசித்தேன். உயர்தரம் படிக்கும் என் மகளின் பாடக்குறிப்பில் ‘இயலளவுப் பயன்பாடு’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றா? எதை எழுதுவது சரி?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: மூன்றும் குறிக்க வந்த பொருள் ஒன்றே. ஒரு தொழிற்சாலை குறித்த காலத்தில் ஆகக்கூடியது எவ்வளவு உற்பத்தி செய்ய இயலுமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் உற்பத்தி செய்திருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்வதே அது. உண்மையான உற்பத்தியை இயன்ற உற்பத்தியால் வகுத்து நூறால் பெருக்கினால் கணக்கு முடிந்துவிடும். கணக்கு எளிது, சொல்தான் நம்மைச் சுற்றி வரச் செய்கிறது.

‘கொள்ளளவு’ என்பது ஒரு கலன் தன்னுள் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லும் சொல். குளத்துக்கும், தண்ணீர்த் தாங்கிக்கும், களஞ்சியத்துக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. தொழிற்சாலைக்கு அது முழுமையாகப் பொருந்தாமைக்குக் காரணம், அதில் காலம் இல்லை என்பதுதான். உங்கள் போறணை ஒரே தடவையில் எத்தனை தட்டுகளை உள்ளே வாங்கும் என்று கேட்டால் அதற்குரிய பதில் கொள்ளளவு. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிலோ பிஸ்கட்டைச் சுட்டு வெளியே தள்ளும் என்று கேட்டால் அதற்குரிய பதில் வேறொன்று. சிறிய போறணையும் விரைவாகச் சுட்டால் பெரிய போறணையை வெல்லக்கூடும்.

‘உற்பத்தித் திறன்’ என்பதைச் சென்னைச் சஞ்சிகை எழுதியதில் பிழை இல்லை. அங்கே ‘திறன்’ என்ற சொல் நம்மிடத்தில் உள்ளதை விட அகலமான வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டுப் பௌதிகப் பாடநூல் ‘திறன்’ என்று எழுதுமிடத்தில் நமது பாடநூல் ‘வலு’ என்று எழுதும். அவர்கள் ‘ஆற்றல்’ என்பதை நாம் ‘சக்தி’ என்போம். மின் நிலையமொன்றின் ஆகக்கூடிய அளவை அவர்கள் ‘நிறுவு திறன்’ என்பதும் அந்த வழக்கின் தொடர்ச்சியே. ஆனால் இலங்கையில் ‘உற்பத்தித்திறன்’ என்ற சொல் ஏற்கெனவே வேறொரு பொருளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டது. ஓர் ஆள், ஒரு மணித்தியாலம், ஒரு ஏக்கர் என்ற அலகுக்கு எவ்வளவு விளைவு கிடைக்கிறது என்பதே இங்கு உற்பத்தித்திறன். தேசிய உற்பத்தித்திறன் செயலகம் என்று ஓர் அரச நிறுவனத்தின் பெயரே அப்படி இருக்கிறது. ஆகவே கொழும்பில் அச்சாகும் ஓர் ஆண்டறிக்கையில் ‘உற்பத்தித்திறன் பயன்பாடு’ என்று எழுதினால், வாசிப்பவர் தொழிலாளரின் வேகத்தைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடுவார்.

எனவே என் வாக்கு ‘இயலளவு’க்கே. நாம் நாளாந்தம் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்று பேசுகிறோமே, அதன் எழுத்து வடிவமே இயலும், இயலாது என்பது. ஏலுமான அளவு எதுவோ அது இயலளவு. புதிதாகக் கட்டிய கலைச்சொல் ஒன்று பேச்சு வழக்கின் வேரிலேயே நிற்பது அடிக்கடி வாய்ப்பதில்லை. வாய்த்ததை விட்டுவிடுவதற்கு எனக்கு மனமில்லை.

ஆனால் ஐயா, சொல்லைத் திருத்திக்கொள்வது பாதி வேலைதான். உங்கள் ஆண்டறிக்கையில் எந்தச் சொல் இருந்தாலும், அதற்கு முன்னால் ஓர் அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த இயலளவு என்று சொல்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது. உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கற்பனைக் கணக்குத் தருகிறேன். போறணை மணித்தியாலத்துக்கு ஒரு தொன் சுடும் என்று அதைச் செய்தவர் தகட்டில் பொறித்திருக்கிறார். மாதம் 30 நாளும், நாள் 24 மணித்தியாலமும் ஓடினால் 720 தொன். இதை நிறுவப்பட்ட இயலளவு என்போம். ஆனால் கம்பனி நாளுக்கு எட்டு மணித்தியாலம் கொண்ட இரண்டு ஷிப்ட் வீதம் 25 நாட்களே வேலை செய்கிறது. அப்படியானால் 400 தொன். அதிலும் துப்புரவு, பழுதுபார்ப்பு, ஒரு வகை பிஸ்கட்டிலிருந்து மறு வகைக்கு மாறுவது ஆகியவற்றுக்கு மாதம் 40 மணித்தியாலம் போய்விடுகிறது. எஞ்சுவது 360 தொன். இதுவே செயற்படு இயலளவு. அந்த மாதம் உண்மையில் சுட்டு விற்பனைக்கு அனுப்பியது 270 தொன் என்றால், முதலாவது அளவின் மேல் 37.5 சதவீதம், இரண்டாவதின் மேல் 67.5 சதவீதம், மூன்றாவதின் மேல் 75 சதவீதம்.

இன்னும் முடியவில்லை. போறணை மணிக்கு ஒரு தொன் சுட்டாலும், அதற்கு அடுத்திருக்கும் பொதியிடும் இயந்திரம் மணிக்கு 0.8 தொன்னைத்தான் பொதியிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையின் இயலளவு அதில் மிக மெதுவாக ஓடும் கட்டத்தின் இயலளவே. ஆகவே 360 மணித்தியாலத்தில் இந்த வரிசை ஆகக்கூடியது 288 தொன்தான் தரும். இப்போது 270 தொன் என்பது ஏறத்தாழ 94 சதவீதம். ஒரே தொழிற்சாலை, ஒரே மாதம், ஒரே 270 தொன். முகாமையாளர் விரும்பினால் 37.5 என்றும் சொல்லலாம், 94 என்றும் சொல்லலாம், இரண்டும் பொய்யல்ல. வங்கியில் புதிய போறணைக்குக் கடன் கேட்கப் போகிறவர் 94ஐக் காட்டுவார். புதிய போறணை வேண்டாம், பொதியிடும் இயந்திரம் ஒன்றே போதும் என்று அவருக்கு யாராவது சொல்லவேண்டியிருக்கும்.

கேள்வி: இயலளவு என்பது ஆகக்கூடிய அளவு என்றால், பயன்பாடு 100 சதவீதத்தைத் தாண்ட முடியாது அல்லவா? ஆனால் 110 சதவீதம் என்றெல்லாம் பத்திரிகையில் வருகிறது. நூறை எட்டுவதுதான் ஒரு நிறுவனத்தின் இலக்காக இருக்கவேண்டுமா? மாணவர்கள் கேட்கும்போது திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை.
— வெள்ளவத்தை, வணிகக் கல்வி ஆசிரியை

பதில்: தாண்டும். தாண்டுவது உண்மையான எல்லையை அல்ல, நாம் முன்கூட்டி எழுதிவைத்த எல்லையை.

இதற்கு நமது துறைமுகமே நல்ல சாட்சி. கொழும்புத் துறைமுகத்தின் தென்புறத்தில், 2014ஆம் ஆண்டில் முழுமையாக இயங்கத் தொடங்கிய கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையம், ஆண்டுக்கு 24 இலட்சம் இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாளும் வகையில் வடிவமைக்கப்பட்டது. 2018இல் அது கையாண்டது 26 இலட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் 108 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடலில் புதிய மேடை எதுவும் எழுப்பப்படவில்லை. வடிவமைத்த காலத்தில் ஒரு பாரந்தூக்கி மணித்தியாலத்தில் இத்தனை பெட்டிகளைத் தூக்கும், ஒரு பெட்டி முற்றத்தில் இத்தனை நாட்கள் கிடக்கும், ஒரு கப்பல் போனபின் அடுத்தது கட்டப்பட இத்தனை நேரம் ஆகும் என்று சில எடுகோள்களை வைத்தே அந்த 24 இலட்சம் பெறப்படுகிறது. பெட்டி முற்றத்தில் கிடக்கும் நாட்கள் குறைந்தால், அதே தரையில் அதிக பெட்டிகள் வந்து போகும். ஆகவே வடிவமைப்பு இயலளவின் மேல் நூறைத் தாண்டுவது அதிசயமல்ல.

நமது பஸ்களில் நிகழ்வது இன்னொரு வகை. 54 ஆசனமுள்ள பஸ்ஸில் 80 பேர் ஏறினால் 148 சதவீதம். இங்கு எடுகோள் எதுவும் மேம்படவில்லை. காலடி வைக்கும் படியும் கணக்கில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தாண்டியது எப்படி என்று கேட்காமல் நூறுக்கு மேற்பட்ட எண்ணைப் பாராட்டக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல இந்த இரண்டு உதாரணங்களையும் அருகருகே வைத்தால் போதும். மயிலிறகானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நூறு இலக்காகலாமா என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. வேலை வருவது ஒழுங்கற்றதாக இருக்கும் எந்த இடத்திலும், பயன்பாடு நூறை நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேரம் நேர்கோட்டில் ஏறாது. மலையில் ஏறுவதுபோல் செங்குத்தாக ஏறும். ஒரேயொரு கருமபீடத்தையும், ஒருவருக்குச் சராசரியாக ஐந்து நிமிடம் எடுக்கும் ஒரு சேவையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் எழுந்தமானமாக வருகிறார்கள். சேவைக்கு எடுக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, பயன்பட்ட பங்கை எஞ்சியுள்ள பங்கால் வகுத்து, அதை ஐந்தால் பெருக்கினால் சராசரிக் காத்திருப்பு வரும். உத்தியோகத்தர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால் எண்பதை இருபதால் வகுக்க நான்கு. ஆகவே 20 நிமிடம். 90 சதவீதமானால் 45 நிமிடம். 95 சதவீதமானால் 95 நிமிடம். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்துக்குப் போக அவர் கூடுதலாகச் செய்த வேலை சிறிது. வரிசையில் நிற்பவர் இழந்த நேரமோ இரண்டு மடங்கு. அங்கே உத்தியோகத்தர் ஒருவர் சற்று ஓய்வாக இருப்பதைக் கண்டால் கோபப்படுகிறோம். அந்த ஓய்வுதான் நம்மை அரைமணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்புகிறது என்று அப்போது தோன்றுவதில்லை.

வரவு ஒழுங்காக உள்ள இடத்தில், உதாரணமாக ஒரே வகைப் போத்தலை நாள் முழுவதும் நிரப்பும் வரிசையில், இதைவிட உயரப் போகலாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு சரியான சதவீதம் கிடையாது.

கேள்வி: என் தம்பி ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கூட்டமொன்றில் ‘நமது இயலளவுப் பயன்பாடு ஐம்பது சதவீதம்தான், தொழிலாளரின் உற்பத்தித்திறன் குறைந்துவிட்டது’ என்று கூறினார்களாம். பாதி வேலைதான் செய்கிறோம் என்று குற்றம் சாட்டுவதாக அவர்கள் வருந்துகிறார்கள். இது நியாயமா?
— வத்தளை வாசகர்

பதில்: நியாயமா என்பதைத் தொழிற்சாலையின் கணக்கைப் பார்க்காமல் நான் தீர்க்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தின் முதற்பாதியிலிருந்து இரண்டாம் பாதி பிறக்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு தொழிற்சாலை நாளுக்கு 3,000 கிலோ தேயிலைத் தூள் தரக்கூடியது என்றும், முன்பு 120 பேர் வேலை செய்து அந்த 3,000 கிலோவையும் தந்தார்கள் என்றும் கொள்வோம். ஆளுக்கு 25 கிலோ. இப்போது 50 பேர் வேலை செய்து 1,500 கிலோ தருகிறார்கள் என்றால் ஆளுக்கு 30 கிலோ. பயன்பாடு நூறிலிருந்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. உற்பத்தித்திறனோ 20 சதவீதம் ஏறியிருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கலாம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. இயலளவுப் பயன்பாடு இயந்திரத்தையும் கட்டடத்தையும் பற்றிய செய்தி. உற்பத்தித்திறன் உழைப்பைப் பற்றிய செய்தி.

அப்படியானால் இயந்திரம் ஏன் பாதி நேரம் சும்மா இருக்கிறது? தேயிலையில் இதற்குத் தொழிலின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பறித்த கொழுந்தை நெல்லைப்போல் மூட்டையில் கட்டி வைத்துவிட்டு அடுத்த மாதம் அரைக்க முடியாது. அன்றைக்கே வாட்டத் தொடங்க வேண்டும். ஆகவே வாட்டும் இடமும், உருட்டும் இயந்திரமும், உலர்த்தியும் ஆண்டின் சராசரி நாளுக்கு அல்ல, கொழுந்து பொங்கி வரும் நாளுக்கு ஏற்ற அளவில் அமைக்கப்படுகின்றன. பொங்கும் நாளில் 15,000 கிலோ பச்சைக் கொழுந்தும், வரட்சியான மாதத்தில் நாளுக்கு 5,000 கிலோவும், ஆண்டுச் சராசரியாக 8,000 கிலோவும் வரும் தொழிற்சாலை ஒன்றில், ஒரு தொழிலாளியும் ஒரு நிமிடமும் வீணாக்காவிட்டாலும் ஆண்டுப் பயன்பாடு 53 சதவீதத்தைத் தாண்டாது. கூரையில் பூட்டும் சூரியப் படலமும் இப்படித்தான். ஒரு கிலோவாற்றுப் படலம் கொழும்பில் மாதத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 அலகு மின்சாரம் தரும். இரவு பகல் ஓயாமல் ஓடினால் தரக்கூடிய 720 அலகின் மேல் அது 16 சதவீதம் அளவில் நிற்கிறது. சூரியன் மறைவதைப் படலத்தின் சோம்பல் என்று எவரும் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், கொழுந்தே குறைந்துபோனமை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாட்டின் தேயிலை உற்பத்தி 2013இல் 34 கோடி கிலோ என்ற உச்சத்தைத் தொட்டது; 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்ததன் பின் விழுந்த உற்பத்தி, 2023இல் 25.6 கோடி கிலோ அளவிலேயே இருந்தது. உச்ச ஆண்டை இயலளவாகக் கொண்டால் நாடு முழுவதற்கும் 75 சதவீதம். பொருளியலாளர் லோரன்ஸ் கிளைன் இயலளவுப் பயன்பாட்டை அளப்பதற்கு முன்னின்று உருவாக்கிய வார்ட்டன் சுட்டெண், ஒவ்வொரு கைத்தொழிலின் உற்பத்தி உச்சங்களையும் கோட்டால் இணைத்து அந்தக் கோட்டையே இயலளவாகக் கொண்டது. நான் மேலே செய்தது அதன் மிக முரட்டு வடிவம். உச்சத்தைத் தொட்ட ஆண்டிலும் தொழிற்சாலைகள் முழுவதும் நிறைந்திருந்தன என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது இந்த முறையின் குறை, ஆகையால் உண்மை 75ஐ விடக் கீழே இருக்கலாம்.

வெளியே இருந்து வரும் காரணங்களும் உண்டு. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், 1969இலிருந்து இயங்கிவந்த சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. ஆட்கள் இருந்தனர், இயந்திரம் இருந்தது, பயன்பாடு மட்டும் பூச்சியம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டபோது, சொந்த மின்பிறப்பாக்கி இல்லாத எந்தத் தொழிற்சாலையும் எவ்வளவு முயன்றாலும் 24இல் 11, அதாவது 46 சதவீதத்துக்கு மேல் எட்டியிருக்க முடியாது.

உங்கள் தம்பி அடுத்த கூட்டத்தில் இரண்டு விடயங்களைப் பணிவாகக் கேட்கலாம். ஐம்பது சதவீதம் என்பது பொங்கும் நாளின் இயலளவின் மேலா, ஆண்டுச் சராசரியின் மேலா? ஓர் ஆளுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு ஐந்து ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இரண்டாவது எண்ணைக் காட்டாமல் உற்பத்தித்திறனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: கணக்கீட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன். இருப்புக்களைப் பற்றிய நியமத்தில் ‘வழமையான இயலளவு’ என்று ஒன்று வருகிறது. இது நீங்கள் எல்லோரும் பேசும் இயலளவுதானா?
— பம்பலப்பிட்டி மாணவி

பதில்: உறவுதான், ஆனால் ஆள் வேறு. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 கேட்பது ஆகக்கூடிய அளவை அல்ல. திட்டமிட்ட பராமரிப்பால் இழக்கும் நேரத்தைக் கழித்தபின், வழமையான சூழ்நிலையில் பல காலப்பகுதிகளுக்குச் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க உற்பத்தியை. நிலையான உற்பத்தி மேந்தலையை, அதாவது உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத வாடகை, தேய்மானம் போன்ற மறைமுகச் செலவை, பொருட்களின் மேல் பகிரும்போது அந்த அளவே அடிப்படை.

மாதாந்த நிலையான மேந்தலை 12 இலட்சம் ரூபா, வழமையான இயலளவு 10,000 அலகு என்றால் அலகுக்கு 120 ரூபா. விற்பனை விழுந்து 6,000 அலகுகளே உற்பத்தியான மாதத்தில், 12 இலட்சத்தை ஆறாயிரத்தால் வகுத்து அலகுக்கு 200 ரூபா என்று ஏற்றிவிட நியமம் இடம்தராது. அதே 120 ரூபாப்படி 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா பொருளின் கிரயத்தில் சேரும். எஞ்சிய 4 இலட்சத்து 80 ஆயிரம் அந்தக் காலப்பகுதியின் செலவாக இலாப நட்டத்துக்குப் போகும். இல்லாவிட்டால், சும்மா கிடந்த இயந்திரத்தின் செலவு விற்காத பிஸ்கட்டுக்குள் ஒளிந்துகொண்டு, ஐந்தொகையில் சொத்தாகக் காட்சி தரும். மறுபக்கம் வழமைக்கு மாறாக 12,500 அலகு உற்பத்தியானால் அலகுக்கு 96 ரூபாவாகக் குறைக்கவேண்டும். 120இல் விட்டால் செலவு செய்யாத பணமும் கிரயத்தில் ஏறிவிடும். பரீட்சையில் பலர் தவறுவது இந்த இரண்டாம் பக்கத்தில்தான்.

கேள்வி: மத்திய வங்கிகள் இந்த எண்ணை ஏன் கவனிக்கின்றன? தொழிற்சாலை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, அவர்களுடைய வேலை வட்டிதானே?
— தெமட்டகொட வாசகர்

பதில்: இயந்திரங்கள் சும்மா கிடக்கும் நாட்டில் மக்கள் கூடுதலாக வாங்கத் தொடங்கினால், உற்பத்தி ஏறும். ஏற்கெனவே நிறைந்து ஓடும் நாட்டில் அதே வாங்கும் ஆசை எழுந்தால், விலை ஏறும். ஆகவே வட்டியைத் தீர்மானிப்பவர்களுக்கு இது ஓர் அறிகுறி. ஒன்றே அறிகுறி அல்ல.

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வங்கி இதை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதன் வரைவிலக்கணம் எனக்குப் பிடித்தது: நடைமுறைக்கு ஒத்த வேலை நேரத்துக்குள், வழமையான நிறுத்தங்களைக் கழித்து, மூலப்பொருள் போதிய அளவு கிடைக்கிறது என்ற எடுகோளுடன், ஓர் ஆலை தொடர்ந்து தாங்கக்கூடிய ஆகக்கூடிய உற்பத்தியே இயலளவு. ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு வாரம் மூச்சைப் பிடித்து ஓடிக் காட்டும் அளவு சேராது. அந்நாட்டின் நீண்டகாலச் சராசரி எண்பதுக்குச் சற்றுக் கீழே. 2020 ஏப்ரலில் அது 65க்கும் கீழே இறங்கியது. இந்திய ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒருமுறை உற்பத்தி நிறுவனங்களிடம் கேட்டு அறிகிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில், ஊரடங்கினால், அங்கே கிடைத்த எண் 47.3 சதவீதம்.

மேற்சொன்ன வரைவிலக்கணத்தை நமது நாட்டில் வைத்துப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை இயலளவில் சேர்ப்பதா? சேர்க்கக்கூடாது. இயக்க முடியாத நிலையை அடைந்த ஆலை, கீழே நிற்கும் எண்ணிலிருந்தே, அதாவது வகுக்கும் இயலளவிலிருந்தே, கழிந்துவிடும். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது: ஒரு நாட்டில் ஆலைகள் பல மூடப்பட்டால், எஞ்சியவற்றின் பயன்பாட்டுச் சதவீதம் உயர்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். சதவீதத்தோடு இயலளவின் மொத்த அளவையும் கேட்கவேண்டியிருப்பது இதனால்தான்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ‘உபரி இயலளவு’, ‘மிகை இயலளவு’, ‘பயன்படாத இயலளவு’ என்று மூன்றையும் மாறி மாறி எழுதிவருகிறேன். வேறுபாடு உண்டா?
— தெஹிவளை வாசகி

பதில்: உண்டு, அம்மா. ‘பயன்படாத இயலளவு’ வெறும் கணக்கு: நூறிலிருந்து பயன்பாட்டுச் சதவீதத்தைக் கழித்தால் வருவது. ‘உபரி இயலளவு’ என்பதில் தேவை வந்தால் உடனே எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு இருக்கிறது. மின்துறையினர் மாலைநேர உச்சத்துக்கென வைத்திருப்பதை இப்படிச் சொல்லலாம், அதில் குறை தொனிக்காது. ‘மிகை இயலளவு’ என்பது தேவைக்கு மேல் கட்டிவிட்டார்கள் என்ற தீர்ப்பு. ஓர் அறிக்கையின் மூலத்தில் அந்தத் தீர்ப்பு இல்லாதபோது மொழிபெயர்ப்பில் ‘மிகை’ என்று எழுதினால், எழுதியவர் சொல்லாத குற்றத்தை நீங்கள் சுமத்தியதாகிவிடும். இவை எதையும் ‘மிகை உற்பத்தி’ என்று எழுதிவிடாதீர்கள். அது விற்காமல் களஞ்சியத்தில் கிடக்கும் பொருளைக் குறிக்கும், இவையோ இன்னும் செய்யப்படாத பொருளைப் பற்றியவை. ‘வீதம்’ என்பதைச் சேர்த்து ‘இயலளவுப் பயன்பாட்டு வீதம்’ என்று எழுதுவது எண் வரும் இடங்களில் நல்லது. ‘உபயோகம்’ என்றாலும் தவறில்லை. ஒரே அறிக்கையில் ஒரு பக்கத்தில் பயன்பாடு, மறு பக்கத்தில் உபயோகம் என்று மாறாதிருந்தால் போதும்.